ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிட்ட கண்ணாடி இழை

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒன்றிய அரசு வெளியிட்ட கணக்கின்படி, ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுசேர்க்கும் பாரத்நெட் திட்டத்தில் ஏறத்தாழ 6.9 லட்சம் கிலோமீட்டர் கண்ணாடி இழை வடம் போடப்பட்டிருந்தது. சுமார் 2.14 லட்சம் ஊராட்சிகள் ‘சேவைக்குத் தயார்’ என்ற பட்டியலில் இருந்தன. அதே கணக்கில், வீடுகளுக்குக் கொடுக்கப்பட்ட ஃபைபர் இணைப்புகள் சுமார் 12 லட்சம். வகுத்துப் பார்த்தால் ஓர் ஊராட்சிக்கு ஆறு வீடுகூட வரவில்லை.

தமிழ்நாட்டில் ஓர் ஊராட்சி என்றால் தாய்க் கிராமமும் அதைச் சுற்றிய குக்கிராமங்களும் காலனிகளும் சேர்ந்தது; நூற்றுக்கணக்கான வீடுகள், சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் ஆறு வீடு. தனியார் நிறுவனங்களும் உள்ளூர் கேபிள்காரர்களும் தரும் இணைப்புகள் இந்தக் கணக்கில் வராது என்பது உண்மை. ஆனால் அவர்கள் போக மறுத்த ஊர்களுக்காகத்தான் பொதுப்பணத்தில் பாரத்நெட் தொடங்கப்பட்டது. அந்த ஊர்களில் வடம் வந்து நிற்கிறது, வீட்டுக்குள் வரவில்லை. கண்ணாடி இழைத் தொழில்நுட்பத்தின் குறையால் இப்படி ஆகவில்லை. திட்டத்தை எந்த இடத்தோடு நிறுத்தினார்கள், போட்டபின் யாரிடம் ஒப்படைத்தார்கள், எதை எண்ணிச் சாதனை என்று சொன்னார்கள் என்பவற்றில்தான் காரணம் இருக்கிறது என்பது என் வாதம்.

முதலில் தொழில்நுட்பத்தைப் பார்த்துவிடலாம். 1966இல் இங்கிலாந்தின் ஹார்லோ நகரிலிருந்த ஓர் ஆய்வகத்தில் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்ஹமும் ஒரு கணக்குப் போட்டார்கள். கண்ணாடியில் கலந்திருக்கும் மாசுகளை நீக்கி, ஒரு கிலோமீட்டர் சென்றபின் நூற்றில் ஒரு பங்கு ஒளியாவது மிஞ்சும்படி செய்துவிட்டால், அதைத் தொலைத்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்றார்கள். 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அந்த இலக்கைத் தாண்டியது. இன்று வயலோரம் புதைக்கும் சாதாரண இழையில் ஒரு கிலோமீட்டருக்குப் பின் நூற்றில் தொண்ணூற்றைந்து பங்கு ஒளி மிஞ்சுகிறது. காவோவுக்கு 2009இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த ஒரு குணத்தால் கண்ணாடி இழை நகரத்தைவிடக் கிராமத்துக்கே அதிகம் பொருந்துகிறது. பழைய தொலைபேசிச் செம்புக் கம்பியில் இணையம் கொடுத்தபோது, எக்ஸ்சேஞ்சிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் தாண்டியதுமே வேகம் படுத்துவிடும். தோட்டத்து வீடுகளும் மலையடிவாரக் குடியிருப்புகளும் எப்போதும் எல்லைக்கு வெளியேதான் இருந்தன. இப்போது வீடுகளுக்குத் தரப்படும் ஜிபான் முறையில், எக்ஸ்சேஞ்சில் வைத்த ஓஎல்டி என்ற கருவியிலிருந்து ஓர் ஒற்றை இழை புறப்படுகிறது. இருபது கிலோமீட்டர் வரை அது போகும். வழியில் மின்சாரமே வேண்டாத சிறு ஸ்ப்ளிட்டர் அதை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறது. விநாடிக்கு 2.5 ஜிகாபிட் அளவு தரவு அந்த வீடுகளுக்குப் பகிரப்படுகிறது. நடுவழியில் பெட்டி இல்லை, பேட்டரி இல்லை, பழுதாக ஏதுமில்லை. மின்வெட்டு வந்தாலும் இரு முனைகளில் மட்டும் மின்சாரம் இருந்தால் போதும்.

கைப்பேசி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கோபுரத்திலிருந்து வரும் அலைவரிசையை அந்த வட்டாரத்துக் கைப்பேசிகள் அனைத்தும் பங்குபோட்டுக்கொள்கின்றன. சாயங்காலம் ஏழு மணிக்கு ஊரே திறந்தால் எல்லாருக்கும் குறையும். அந்தக் கோபுரத்துக்கும் பின்னால் இழை இருந்தால்தான் அது முழு வேகத்தில் ஓடும். இந்தியக் கோபுரங்களில் இழை இணைப்புப் பெற்றவை இன்னும் பாதிக்கும் குறைவு. கரோனா காலத்தில் ஒரு கைப்பேசியை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பாடம் கேட்ட வீடுகளுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

இழையின் விலை பெரிதல்ல. பள்ளத்தின் விலைதான் பெரிது. மண்ணைத் தோண்டி, குழாய் பதித்து, சாலையைக் குறுக்கே கடந்து, அதற்கெல்லாம் அனுமதி வாங்குவதில்தான் பெரும்பங்குச் செலவு போகிறது. நகரத்தில் நூறு மீட்டர் பள்ளத்துக்கு ஐம்பது வாடிக்கையாளர்கள் கிடைப்பார்கள். கிராமத்தில் ஒரு கிலோமீட்டருக்குப் பத்துப்பேர். லாபம் பார்க்கும் நிறுவனம் வராமல் இருப்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் 2011 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை தேசியக் கண்ணாடி இழை வலையமைப்புக்கு ஒப்புதல் கொடுத்தது. இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் விநாடிக்கு 100 மெகாபிட்; செலவு சுமார் 20,000 கோடி ரூபாய்; இரண்டு ஆண்டுகளில் முடிப்பது என்பது திட்டம். பணம் உலகளாவிய சேவைக் கடப்பாட்டு நிதியிலிருந்து வந்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் சரிக்கட்டப்பட்ட வருவாயில் நூற்றுக்கு ஐந்து ரூபாயை இந்த நிதிக்குக் கட்ட வேண்டும். அதாவது, நாம் ஒவ்வொருவரும் செய்த ரீசார்ஜிலிருந்து போன பணம் அது. தன் ஊரில் சிக்னலுக்காக மொட்டை மாடி ஏறியவரின் பணமும் அதில் இருக்கிறது.

செலவைக் குறைக்க ஒரு புத்திசாலித்தனமான வழியைக் கண்டார்கள். வட்டாரத் தலைநகரங்கள் வரை பி.எஸ்.என்.எல்., ரயில்டெல், பவர்கிரிட் ஆகியவற்றின் பழைய இழைகள் ஏற்கெனவே இருந்தன. அங்கிருந்து ஊராட்சி வரை மட்டும் புதிதாகப் போட்டால் போதும் என்றார்கள். ஊராட்சி அலுவலகத்திலிருந்து வீடுவரை? அதைத் தனியார் நிறுவனங்களும் கேபிள்காரர்களும் வாடகைக்கு எடுத்துக் கொண்டுபோவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். மேல்நிலைத் தொட்டியைக் கட்டி நீரையும் ஏற்றிவிட்டு, தெருக்குழாயை யாராவது போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டதைப் போன்றது இது.

யாரும் வரவில்லை, வராததற்குக் காரணமும் இருந்தது. வட்டாரத்திலிருந்து ஊராட்சிக்கு வடம் நேர்கோட்டில் போனது. ஒரே இடத்தில் அறுந்தால் அதற்கப்பால் உள்ள ஊராட்சிகள் எல்லாம் இருளும். பழைய இழைகளில் பல நைந்துபோனவை. ஊராட்சிக் கட்டடத்தில் வைத்த கருவிக்கு மின்சாரம் இல்லாத நாட்கள் உண்டு. கட்டடம் பூட்டியே கிடந்த நாட்கள் அதைவிட அதிகம். இப்படிப்பட்ட இணைப்பை வாடகைக்கு எடுத்து வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்க எந்தக் கேபிள்காரர் துணிவார்? இதற்கிடையே 2016 செப்டம்பரில் ஜியோ வந்து கைப்பேசித் தரவின் விலையைச் சரித்தது. பெரிய நிறுவனங்களின் கவனம் முழுவதும் அந்தப் போட்டிக்குப் போனது.

குறைகள் அப்போதே தெரியாமல் இல்லை. 2015இல் ஜே. சத்தியநாராயணா தலைமையிலான குழு இந்த வலையமைப்பைத் திருத்தியமைக்கச் சொன்னது. ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கமாகத் தரவு வரும்படி வளைய அமைப்பு வேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரைகளில் ஒன்று. திட்டத்தின் பெயர் பாரத்நெட் என்று மாறியது. 2017 டிசம்பரில் முதல் ஒரு லட்சம் ஊராட்சிகள் முடிந்ததாக அறிவிப்பு வந்தது. இரண்டு ஆண்டில் இரண்டரை லட்சம் என்று தொடங்கியது ஆறு ஆண்டில் ஒரு லட்சத்தைத் தொட்டது. தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போட்ட வடத்தின் நீளமும் தொட்ட ஊராட்சிகளின் எண்ணிக்கையும் மட்டுமே சாதனையாக எண்ணப்பட்டன என்பதுதான் பெரிய கேடு. கிலோமீட்டரை எண்ணினால் கிலோமீட்டர் வளரும். வீட்டை எண்ணியிருந்தால் திட்டத்தின் வடிவமே வேறாக இருந்திருக்கும்.

அதே 2011இல் இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில், லூன் ஆற்றுப் பள்ளத்தாக்கு ஊர்களில் எதிர்த்திசையில் ஒரு முயற்சி தொடங்கியது. ஆட்டுப் பண்ணைகளும் புல்வெளிகளும் கல்சுவர்களுமான நாடு அது. செம்புக் கம்பியில் வரும் இணையம் அங்கே பேருக்குத்தான் இருந்தது. அரசு மானியம் பெரிய தொலைபேசி நிறுவனத்துக்குப் போனது. அந்த நிறுவனத்தின் திட்டத்தில் சிதறிக் கிடக்கும் பண்ணை வீடுகள் கடைசியில் இருந்தன. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் வலையமைப்பு வல்லுநராக இருந்த பாரி ஃபோர்டும், ரே என்ற ஊரின் விவசாயக் குடும்பத்துப் பெண் கிறிஸ் காண்டரும் இன்னும் சிலரும் சேர்ந்து ‘பார்ன்’ என்று அழைக்கப்படும் சமூகநல அமைப்பைப் பதிவு செய்தார்கள். ‘கிராமப்புற வடக்குக்கு அகலக்கற்றை’ என்பது அதன் பெயரின் பொருள்.

இவர்கள் பள்ளத்தின் விலையை எப்படி உடைத்தார்கள் என்பதில்தான் பாடம் இருக்கிறது. சாலையைத் தோண்டவில்லை, வயல்வழியே போனார்கள். தார்ச்சாலையை வெட்டி மூடும் செலவோடு ஒப்பிட்டால் புல்வெளியில் குழாய் புதைக்கும் செலவு மிகச் சிறிது. விவசாயிகள் தங்கள் நிலத்தில் போகக் கட்டணமின்றி அனுமதி கொடுத்தார்கள். அவர்களிடம் தோண்டும் இயந்திரங்கள் இருந்தன. தோண்டியவர்களுக்கு மீட்டருக்கு ஒன்றரைப் பவுண்டு கணக்கு. அதைப் பணமாக வாங்காமல் அமைப்பின் பங்காகவும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பங்கு ஒரு பவுண்டு. யார் எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். ஓய்வுபெற்றவர்களும் இல்லத்தரசிகளும் இழைகளை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங் வேலையைக் கற்றுக்கொண்டார்கள். குழாயைப் புதைத்துவிட்டு, காற்றழுத்தத்தால் இழையை ஊதி அதனுள் செலுத்தினார்கள். இரு திசையிலும் விநாடிக்கு ஒரு ஜிகாபிட், மாதம் முப்பது பவுண்டு. லண்டனின் பல வீடுகளுக்கு அந்த வேகம் அன்று கிடையாது. ஒரு பள்ளத்தாக்கில் தொடங்கியது பக்கத்து மாவட்டங்களுக்கும் பரவி, பத்தாயிரம் இணைப்புகளைத் தாண்டியது. ஃபோர்டுக்கும் காண்டருக்கும் 2015இல் அரசியின் விருது கிடைத்தது.

இதை அப்படியே தூக்கிவந்து நம்மூரில் நட முடியாது. அங்கே ஒரு விவசாயியின் சம்மதம் கிடைத்தால் அரைக் கிலோமீட்டர் முடிந்துவிடும். நம்மூரில் அதே தூரத்துக்கு இருபது பட்டாதாரர்கள் இருப்பார்கள். அவர்களில் நாலுபேருக்குள் வரப்புத் தகராறு இருக்கும். அங்கே பங்கு வாங்கச் சேமிப்பு இருந்தது, முதலீட்டுக்கு வருமான வரிச் சலுகையும் இருந்தது. ஆனால் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வடம் வீட்டில் தொடங்கியது. எந்த வீட்டுக்கு வேண்டும், எந்த வயல்வழி போகலாம், எங்கே வடிகால் இருக்கிறது என்பதெல்லாம் தோண்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அறுந்தால் யாரிடம் சொல்வது என்ற குழப்பமே அங்கே எழவில்லை.

அமெரிக்காவின் கென்டக்கியில் ஜாக்சன், ஓவ்ஸ்லி என்று இரண்டு ஏழை மலை மாவட்டங்கள் உண்டு. 1950இல் தோன்றிய ஒரு தொலைபேசிக் கூட்டுறவு அங்கே 2014க்குள் எல்லா வீட்டுக்கும் கண்ணாடி இழையைக் கொடுத்துவிட்டது. வண்டி ஏறாத சரிவுகளில் ஒரு கோவேறு கழுதையைக் கொண்டு வடத்தை இழுத்தார்கள். பணம் பெரும்பாலும் அரசின் மானியமும் கடனும்தான்; ஆகவே இது அரசை ஒதுக்கிய கதை அல்ல. அங்கே அரசு பணத்தை யாரிடம் கொடுத்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அந்த ஊர்க்காரர்களே உறுப்பினர்களாக இருந்த அமைப்பிடம் கொடுத்தது. அமெரிக்கக் கிராமங்களுக்கு மின்சாரமும் தொலைபேசியும் போனதும் அந்த வழியில்தான்: 1936இன் கிராம மின்மயச் சட்டம், 1949இல் தொலைபேசிக்கும் அது நீட்டிக்கப்பட்டது. நமக்கும் இது அந்நியமானதல்ல. கர்நாடகத்தின் ஹுக்கேரியிலும் தெலங்கானாவின் சிர்சில்லாவிலும் கிராம மின்சாரக் கூட்டுறவுச் சங்கங்கள் அரை நூற்றாண்டாக மின்விநியோகம் செய்துவருகின்றன. நாட்டின் முதல் வேளாண் கடன் கூட்டுறவுச் சங்கங்களில் ஒன்று 1904இல் நம் திரூரில்தான் தொடங்கியது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பை மாநில அரசே எடுத்துக்கொண்டது. அதற்கென டான்ஃபினெட் நிறுவனம் உருவானது. மதிப்பீடு 1,815 கோடி ரூபாய். 2020இல் ஒப்பந்தப்புள்ளி விதிமுறைகளில் எழுந்த புகாரால் ஒன்றிய அரசின் உத்தரவின் பேரில் அந்த ஒப்பந்தப்புள்ளி ரத்தாகி, மறுபடி விடப்பட்டது. அதில் காலம் போயிற்று. ஊராட்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜிகாபிட் என்பது இலக்கு. வடத்தில் 85 விழுக்காடு மின்கம்பங்கள் வழியாகவும் 15 விழுக்காடு தரைவழியாகவும் போவது என்று முடிவானது.

கம்பவழி சரியா என்பதில் பொறியாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது டெல்டாவில் பல்லாயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. கம்பத்தோடு வடமும் சாயும். ஆனால் தரைக்குள் போட்டதும் பத்திரமில்லை. சாலை அகலப்படுத்த வரும் ஜேசிபியும், ஜல் ஜீவன் திட்டத்தில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளமும் அறுத்த வடங்கள் ஏராளம். இதைத் தடுக்கவே 2023 மார்ச்சில், தோண்டுமுன் வடத்துக்கு உரியவருக்குத் தகவல் சொல்லும் கைப்பேசிச் செயலி ஒன்றை ஒன்றிய அரசு வெளியிட்டது. என் கணிப்பில் நம் ஊர்களுக்குக் கம்பவழியே ஏற்றது. அறுந்த இடம் கண்ணுக்குத் தெரியும். ஏணி வைத்து ஏறினால் ஒட்டிவிடலாம். தரைக்குள் அறுந்தால் ஓடிடிஆர் கருவியால் தூரத்தை அளந்து, இடத்தைக் கண்டுபிடித்து, மறுபடி தோண்ட வேண்டும்.

டான்ஃபினெட் வேலை நடந்தபோது மாவட்ட ஆட்சியர்கள் விட்ட அறிவிப்புகளில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வந்தது. இந்த வடத்தில் உலோகம் ஏதுமில்லை, பழைய சந்தையில் விற்க முடியாது, வெட்டுபவர்கள்மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும் என்பது அது. செம்பு என்று நினைத்துச் சிலர் வெட்டியிருக்கலாம். தன் நிலத்தோரம் என்ன போகிறது, எதற்குப் போகிறது என்று யாரும் சொல்லாததால் சிலர் வெட்டியிருக்கலாம். லூன் பள்ளத்தாக்கில் வடம் தன் வீட்டுக்குப் போகிறது என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. இங்கே பூட்டிய கட்டடம் ஒன்றுக்குள் போகும் கறுப்புக் கயிறாகத்தான் ஊர் அதைப் பார்த்தது. எச்சரிக்கை அறிவிப்பால் வடத்தைக் காக்க முடியாது. இணைப்புப் பெற்ற பத்து வீடுகள் அந்தத் தெருவில் இருந்தால் காவல் தானாக நடக்கும்.

அப்படியானால் ஊராட்சியிலிருந்து வீடுவரை யார் கொண்டுபோவது? அதற்கான ஆள் தமிழ்நாட்டின் ஏறக்குறைய எல்லா ஊரிலும் இருக்கிறார்: கேபிள்காரர். முப்பது ஆண்டுகளாகத் தெருத்தெருவாகக் கம்பி இழுத்து, வீடுவீடாக மாதச் சந்தா வாங்கி, மழையில் படம் வராவிட்டால் முதல் வசவைக் கேட்டவர். பழைய கேபிள் கம்பியிலிருந்து கண்ணாடி இழைக்குப் பலர் ஏற்கெனவே மாறிவிட்டார்கள். மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் எந்த முக்கில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பி.எஸ்.என்.எல். வீட்டு இணைப்புகளில் பெரும்பங்கும் இத்தகைய உள்ளூர்ப் பங்காளிகள் கைவழியேதான் போயிருக்கின்றன. ஆந்திரம் 2017இல் மின்கம்பவழி வலையமைப்பைத் தொடங்கியபோது மாதம் 149 ரூபாய்க்கு வீட்டுக்கே இணையமும் தொலைக்காட்சியும் கொடுத்தது, கொண்டுசேர்த்தவர்கள் கேபிள்காரர்கள்தான். லட்சக்கணக்கான வீடுகள் சேர்ந்தன. பாரத்நெட்டின் முதல் வடிவம் இவர்களை யாரோ எப்போதோ வரப்போகும் வாடகைதாரர்களாக மட்டும் பார்த்தது.

2023 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை திருத்தப்பட்ட பாரத்நெட்டுக்கு ஒப்புதல் கொடுத்தது. சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாய். முன்பு சொன்ன பல குறைகள் இதில் களையப்பட்டிருக்கின்றன: வளைய அமைப்பு கட்டாயம், போட்டவரே பத்து ஆண்டு பராமரிக்க வேண்டும், ஐந்து ஆண்டில் ஒன்றரைக் கோடி கிராமப்புற வீடுகளுக்கு இணைப்பு என்ற இலக்கும் இருக்கிறது. உத்யமி என்று அழைக்கப்படும் உள்ளூர்த் தொழில்முனைவோர் வீடுவரை கொண்டுபோவார். வருவாயில் பாதி அவருக்கு. பன்னிரண்டு ஆண்டு கழித்தேனும் வீடு கணக்கில் வந்திருப்பதை நான் மனமார வரவேற்கிறேன். இலக்கு முழுதும் நிறைவேறினால், இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கு வகுத்துப் பார்த்தால், ஊராட்சிக்குச் சராசரியாக அறுபது வீடு. தொடக்கத்தில் பார்த்த ஆறைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு.

இருந்தும் இரண்டு ஓட்டைகள் அடைபடவில்லை. முதலாவது, தெருவிளக்கையும் குடிநீரையும் பராமரிக்கும் ஊராட்சிக்கு இதில் உரிய இடம் இல்லை. சந்தாவில் ஒரு சிறு பங்கு ஊராட்சிக்கு வந்தால்தான், கருவி அணைந்துகிடந்தால் அதற்கு வருமான இழப்பு என்று ஒன்று இருக்கும், அப்போதுதான் கேட்பார்கள். இரண்டாவது, இணைப்பு மாதத்தில் எத்தனை மணி நேரம் வேலை செய்தது என்பதை ஊர்மக்கள் பார்க்கும்படி ஊராட்சிவாரியாக வெளியிட வேண்டும். கருவிகள் அதைப் பதிவு செய்துகொண்டுதான் இருக்கின்றன. பத்து ஆண்டுப் பராமரிப்புக்கான பணம் அந்தக் கணக்கைப் பார்த்தே தரப்பட வேண்டும்.

இதற்கு மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் உங்கள் ஊரில் எழுந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். ஊராட்சிக்கு வந்த கண்ணாடி இழையிலிருந்து எத்தனை வீடுகளுக்கு இணைப்புப் போயிருக்கிறது? சென்ற மாதம் அது எத்தனை நாள் வேலை செய்யவில்லை? அறுந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும், அவர் எத்தனை மணி நேரத்தில் வர வேண்டும்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பதில் இல்லையென்றால், இல்லை என்பதையே எழுதச் சொல்லுங்கள்.